பஞ்சாரத்துக்கு எதுக்குடா சாவி?

2018 பொங்கலுக்கு அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு சின்ன கம்பெனியில கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரையற வேலை. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம் திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப, "மாமா, நான் பண்ணின கேம், ஆடிப் பாருங்க"ன்னு போனை நீட்டினான்.

படத்துல ஒரு தோப்பு. தோப்பு நடுவுல ஒரு கூண்டு, கூண்டுக்குள்ள கோழி. கோழியை வெளியே விடணும், அவ்வளவுதான் விளையாட்டு. நான் நேரா கூண்டு மேல விரலை வெச்சேன். பூட்டியிருக்காம், சாவி வேணுமாம். சாவி ஒரு சிங்கச் சிலையோட வாயில இருக்கு. சிங்கம் வாயைத் திறக்கணும்னா அதோட நெத்தியில மூணு கல்லு பதிக்கணும். ஒரு கல்லு குரங்குகிட்ட இருக்கு. குரங்கு மாம்பழம் குடுத்தாத்தான் கல்லைத் தரும். மாம்பழம் பறிக்கத் தொரட்டி வேணும். தொரட்டி ஒரு பெட்டிக்குள்ள. பெட்டிக்கு நாலு எண் பூட்டு. அந்த நாலு எண் எங்கேடான்னா, மரத்துல எத்தனை காக்கா, கீழே எத்தனை காளான், வேலியில எத்தனை பூ, குளத்துல எத்தனை மீனு. அதையும் எந்த வரிசையில போடணும்னு ஒரு பாறையில கிறுக்கியிருக்கு.

நான் கேட்டேன்: "ஏன்டா, பஞ்சாரத்துல கோழி இருந்தா ஒரு பக்கம் தூக்கிவிட்டா ஓடிடப் போவுது. பஞ்சாரத்துக்கு எதுக்குடா சாவி?"

"மாமா, நீங்க சொல்ற மாதிரி தூக்கிவிட்டா கேம் பத்து செகண்டுல முடிஞ்சிடும்."

அன்னைக்கு வீடே சிரிச்சுது. ஆனா அவன் சொன்ன பதில் எனக்குள்ள கிடந்து உறுத்திக்கிட்டே இருந்தது. 2020 ஊரடங்குல வேலை வெட்டி இல்லாம கிடந்த நாள்ல, இந்த விளையாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது, யாரு முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க எங்க அப்பாயி ஞாபகம்தான் வந்தது. அதான் இந்தக் கட்டுரை.

எங்க பக்கம் செம்மண் காடு. ஆண்டிமடத்தைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் முந்திரித் தோப்பு. நான் சின்னப் பையனா இருந்தப்ப வறுத்த முந்திரிக்கொட்டையை வீட்டுக்கு வீடு உட்கார்ந்து உடைப்பாங்க. முந்திரித் தோல்ல ஒரு எண்ணெய் இருக்கு, கையில பட்டா தோலு உரிஞ்சிடும். அதுக்காகக் கையில சாம்பலைப் பூசிக்கிட்டு, கட்டையால தட்டித் தட்டி உடைக்கணும். ராத்திரி காடா விளக்கு வெளிச்சத்துல அந்த வேலை நடக்கும். நாங்க தூங்கிடாம இருக்க அப்பாயி விடுகதை போடும்.

பதில் தெரியலைன்னா எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு: ஒரு ஊரை எழுதிக் குடுக்கணும். "எனக்குத் தெரியல, ஜெயங்கொண்டத்தை எடுத்துக்க"ன்னு சொல்லணும். அப்பாயி ஜெயங்கொண்டத்தை வாங்கிக்கிட்டு விடையைச் சொல்லும். இப்படியே விருத்தாசலம், கும்பகோணம், திருச்சி எல்லாம் எங்க அப்பாயிக்குச் சொந்தமாச்சு. கடைசி வரைக்கும் அது பஸ் ஏறி அரியலூரைத் தாண்டினது இல்லை, அது வேற விசயம்.

கதவே இல்லாத வீடுன்னா முட்டை. அதுவும் ஒரு எஸ்கேப் கேம்தானே? குஞ்சு உள்ளே இருக்கு, கதவு இல்லை, எப்படி வெளியே வரும்? ஒரே வீட்டுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேரு, சன்னலும் இல்லை வாசலும் இல்லைன்னா கடலைக்காய். விடை தெரியாம முழிச்சா அப்பாயி கொஞ்சம் கொஞ்சமா அவுத்துவிடும். "திங்கலாம்." "வீட்டுக்குள்ளதான் இருக்கு." "இப்ப உன் கைக்குப் பக்கத்துல இருக்கு." அதுக்கப்புறமும் தெரியலைன்னாத்தான் ஊரை வாங்கும். விடையைக் கேட்டதும் "அட, ஆமாம்ல!" அப்படின்னு ஒரு சத்தம் வருமே, அதுக்காகத்தான் அது விடுகதையே போட்டுச்சுன்னு இப்பத் தோணுது.

அந்த வார்த்தையையே பாருங்க. விடுகதை. விடு, விடுதல், விடுவித்தல், விடுதலை எல்லாம் ஒரே வேரு. விடையைச் சொல்றதை 'விடுவிக்கிறது'ன்னு சொல்றோம். எஸ்கேப்புன்னு இங்கிலீஷ்ல பேரு வெச்சு விக்கிற சரக்குக்கு நம்ம பாட்டிமாரு வெச்ச பேருலயே தப்பிக்கிற அர்த்தம் இருக்கு. எதையோ ஒண்ணை வார்த்தைக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க, நாம அதை வெளியே விடணும்.

இது எவ்வளவு பழசுன்னு பார்த்தா, நமக்குக் கிடைச்சதிலேயே பழைய இலக்கண நூலான தொல்காப்பியத்துலயே விடுகதைக்கு இடம் இருக்கு. செய்யுளியல்ல 'பிசி'ன்னு அதுக்குப் பேரு. ரெண்டு வகை சொல்லியிருக்கு. ஒண்ணு, வேற ஒண்ணோட ஒப்பிட்டுச் சொல்றது. இன்னொண்ணு, பொருளோட அடையாளத்தைச் சொல்லி இன்னதுதான்னு துணிய வைக்கிறது. முட்டையை வீடுன்னு சொல்றது முதல் வகை. ரெண்டுலயும் ஒரு நேர்மை இருக்கு, கவனிச்சீங்களா? விடைக்கு வேண்டிய தகவல் கேள்விக்குள்ளேயே இருக்கணும். வெளியிலிருந்து எதையும் கொண்டாரக் கூடாது.

இதே நேர்மை கணக்குலயும் இருந்திருக்கு. காரிநாயனார் எழுதின கணக்கதிகாரம்னு ஒரு பழைய நூல். அதுல பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லியிருக்கு. காம்பைச் சுத்தி இருக்கிற சின்ன முள்ளுகளை எண்ணி, ஆறால பெருக்கி, அஞ்சால வகுக்கணும். அதாவது காம்பைச் சுத்தி நூறு முள்ளு இருந்தா நூத்தியிருபது சுளை. கேக்க அபத்தமாத்தான் இருக்கு. முள்ளுக்கும் சுளைக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. பலாப்பழத்துல உள்ளே ஒவ்வொரு சுளையும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது, வெளியே ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவோட நுனி. ஆக சம்பந்தம் இருக்கத்தான் செய்யுது. நானும் எங்க மரத்துப் பழத்துல ரெண்டு மூணு தடவை எண்ணிப் பார்த்திருக்கேன். ஒரு தடவை கிட்டத்தட்ட வந்தது, மத்ததுல வரலை. ஆனா பூட்டும் சாவியும் ஒரே பழத்துலதான் இருக்கு. அதுதான் எனக்குப் பிடிச்சது.

புதிர்ல மாட்டிக்கிட்டு வெளியே வர முடியாம தவிக்கிற கதைன்னா நம்ம ஆளுங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது ரெண்டு. ஒண்ணு அபிமன்யு. சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. இன்னொண்ணு விக்கிரமாதித்தனும் வேதாளமும். 1947 ஜூலையில அம்புலிமாமா பத்திரிகை ஆரம்பிச்சாங்க. அதுல வந்த வேதாளக் கதையைப் படிக்காத என் வயசுக்காரங்க குறைச்சல். ராசா தோள்ல பொணத்தைச் சுமந்துக்கிட்டு கையில வாளோட நடக்கிற படத்தை வரைஞ்ச ஓவியர் சங்கர் நம்ம தாராபுரம் பக்கத்துக்காரர்.

அந்த வேதாளத்தோட சட்டத்தை நினைச்சுப் பாருங்க. பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை சுக்கு நூறா வெடிச்சிடும். பதில் சொன்னா மௌனம் கலைஞ்சிடும், வேதாளம் மறுபடி முருங்கை மரத்துல ஏறிக்கும். சரியா சொன்னதுக்கே தண்டனை! சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டுல காஷ்மீர்ல எழுதின கதாசரித்சாகரத்துல இந்தக் கதை வரிசை இருக்கு. அதோட முடிவுதான் அழகு. கடைசிக் கதையில அப்பன் மகளைக் கட்டிக்கிறான், மகன் தாயைக் கட்டிக்கிறான் (வழியில பார்த்த காலடியை வெச்சு, யாரு யாருன்னு தெரியாம முன்னாடியே முடிவு பண்ணினது). ரெண்டு பேருக்கும் குழந்தை பொறந்தா அந்தக் குழந்தைங்க ஒண்ணுக்கொண்ணு என்ன முறைன்னு வேதாளம் கேக்குது. ராசாவுக்கு விடை தெரியலை. உண்மையாவே தெரியலை, அதனால வாயைத் திறக்கலை. அந்த மௌனத்துலதான் அவன் விடுபடுறான். எல்லாத்துக்கும் விடை வெச்சிருந்தவனுக்கு, தெரியாதுன்ற நிலைதான் கதவைத் திறந்தது.

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். அமெரிக்காவுல வில் கிரௌதர்னு ஒரு புரோகிராமர். அவரும் அவரு சம்சாரமும் குகைகளுக்குள்ள இறங்கி வரைபடம் போடுறவங்க. கென்டக்கியில மாமத் குகைன்னு உலகத்துலயே நீளமான குகை இருக்கு, அங்கெல்லாம் போனவங்க. ரெண்டு பேருக்கும் மணமுறிவு ஆயிடுச்சு. பொண்ணுங்க ரெண்டு பேரும் தன்கிட்ட வரும்போது விளையாடறதுக்காக 1975, 76 வாக்குல அவரு ஒரு விளையாட்டு எழுதினாரு. படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். நீ ஒரு குகைக்குள்ள நிக்கிற, என்ன பண்ணப் போறன்னு கேக்கும், நாம ரெண்டு வார்த்தையில பதில் அடிக்கணும். மறு வருசம், 1977-ல, டான் வுட்ஸ்ன்னு ஒருத்தர் அதைப் பெருசாக்கினாரு. அப்புறம் எந்த எந்த ஊரு கம்ப்யூட்டர்ல எல்லாமோ பரவிடுச்சு.

அதுல ஒரு புதிர். வழியில ஒரு பாம்பு மறிச்சுக்கிட்டு இருக்கு. கூண்டுல ஒரு குருவியைப் பிடிச்சுக்கிட்டுப் போயித் திறந்துவிட்டா, குருவி பாம்பை விரட்டிடும். குருவி பாம்பை விரட்டுமான்னு கேக்காதீங்க. அந்தக் குருவியைப் பிடிக்கிறதுக்கும் ஒரு நிபந்தனை: கையில ஒரு கோலு வெச்சிருந்தா குருவி பயந்து பறந்துடும், கோலைக் கீழே போட்டுட்டுப் போகணும். இன்னொரு இடத்துல ஒரு டிராகன். அதைக் கொல்லுன்னா, "எதால? வெறுங்கையாலயா?"ன்னு கேலியா கேக்கும். ஆமான்னு சொன்னா டிராகன் செத்துப்போகும்! எத்தனை பேரு கத்தி தேடி அலைஞ்சாங்களோ.

ஒரு அப்பன் தன் மகளுக்குப் புதிர் போட்டவரைக்கும் அதுல குழப்பமில்லை. கேள்வி கேட்டவரு பக்கத்துலயே இருக்காரு. சிக்கிக்கிட்டா ஒரு வார்த்தை சொல்லுவாரு. அதே புதிர் முகம் தெரியாத ஊருக்குப் போனப்பத்தான் சிக்கலு ஆரம்பிச்சுது.

1991-ல மங்கி ஐலண்ட்னு கடல் கொள்ளைக்காரன் விளையாட்டோட ரெண்டாம் பாகம் வந்தது. ஒரு நீர்வீழ்ச்சியை நிறுத்தணும், அதுக்கு ஒரு பம்பைத் திருகி அடைக்கணும், கையில ஸ்பேனர் இல்லை. என்ன விடை தெரியுமா? கடையில பியானோ வாசிக்கிற குரங்கை மயக்கி, தூக்கிக்கிட்டுப் போய், அந்தக் குரங்கையே ஸ்பேனரா வெச்சுத் திருகணும். ஏன்னா இங்கிலீஷ்ல ஒரு வகை ஸ்பேனருக்கு 'மங்கி ரெஞ்ச்'னு பேரு. அந்த வார்த்தை வழக்கத்துல இல்லாத ஊருக்காரன் நூறு வருசம் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். பண்ணினவங்களுக்கு அது நல்ல நகைச்சுவை. வெளியில இருந்தவங்களுக்குப் பூட்டின கதவு.

இதை அபத்தம்னு தள்ளிடலாம். ஆனா நம்ம காளமேகப் புலவர் 15-ஆம் நூற்றாண்டுல இதைத்தானே பண்ணினாரு? பாம்பும் எள்ளும் ஒண்ணுன்னு சிலேடை பாடினாரு. பாம்பும் ஆடிட்டுக் குடத்துக்குள்ள போகும், எள்ளும் செக்குல ஆடி எண்ணெயாக் குடத்துக்குள்ள போகும். பாம்பாட்டியையும் செக்கையும் பார்த்தவனுக்கு அது பிரமாதம். ரெண்டையும் பார்க்காதவனுக்கு? அதுவும் குரங்கு ஸ்பேனர்தான்.

இதைவிடப் பேர் போன அபத்தம் 1999-ல வந்தது. கேப்ரியல் நைட்னு ஒரு துப்பறியும் விளையாட்டோட மூணாம் பாகம். கதாநாயகனுக்கு வாடகை வண்டி வேணும். வண்டி அவன் சிநேகிதன் பேருல இருக்கு. சிநேகிதன் மாதிரி வேசம் போட்டுக்கிட்டுப் போகணும். அதுக்கு ஒரு பொய் மீசை. மீசைக்கு முடி எங்கே? ஒரு கதவு ஓட்டையில ஒட்டுற டேப்பை ஒட்டி, பூனையை அந்த ஓட்டை வழியா ஓடவிட்டு, டேப்புல ஒட்டின பூனை முடியை எடுத்து, பாகைத் தடவி மூஞ்சியில ஒட்டிக்கணும். இதுல உச்சம் என்னன்னா, அந்தச் சிநேகிதனுக்கு மீசையே கிடையாது! அதனால அவன் பாஸ்போர்ட்டைத் திருடி, அதுல இருக்கிற போட்டோவுக்கும் பேனாவால மீசை வரையணும். மீசை இல்லாதவனா நடிக்க மீசை எதுக்குன்னு உலகம் பூரா சிரிச்சுது. இந்த மாதிரிப் புதிராலதான் இந்த வகை விளையாட்டே அழிஞ்சுபோச்சுன்னு மறு வருசமே ஒருத்தர் காரசாரமா எழுதினாரு.

ஆனா அழியலை. கம்ப்யூட்டர்ல படம் அசைய வைக்கிற ஃபிளாஷ்னு ஒரு மென்பொருள் இருந்தது. 2004-ல ஜப்பான்ல டகாகி தொஷிமிட்சுன்னு ஒருத்தர் அதை வெச்சு 'கிரிம்சன் ரூம்'னு ஒண்ணு பண்ணினாரு. ஒரு சிவப்பு அறை, அதுக்குள்ள நீ மாட்டிக்கிட்ட, வெளியே போ. கதை கிதை ஒண்ணும் கிடையாது. காசு கிடையாது, இணையத்துல யாரு வேணா ஆடலாம். அந்த ஒரு அறை தீக்குச்சி மாதிரி. அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல அறை, வீடு, காடு, கோட்டை. 2007-ல கியோட்டோ ஊருல கடோ தகாவோன்னு ஒருத்தர் அதை நிஜ அறையாவே ஆக்கி, ஆளுங்களை உள்ளே விட்டுப் புதிர் போட்டாரு. இன்னைக்கு சென்னையில நீங்க காசு கட்டி ஒரு மணி நேரம் உள்ளே அடைஞ்சு கிடந்துட்டு வர்ற எஸ்கேப் ரூமுக்கு மூதாதை அதுதான்.

அந்த ஆயிரக்கணக்கான அறைகள்ல ஒரு பங்கு நம்ம பசங்க கோயம்புத்தூர்ல உட்கார்ந்து வரைஞ்சது. மருமகன் அந்த வேலையை எனக்கு விளக்கினான். தினம் ஒரு புது கேம் வெளியாகணும். இன்னைக்குக் கோழி தப்பிக்கும், நாளைக்கு முயல், அதுக்கு மறுநாள் தாத்தா. பழைய தோப்புப் படத்தை எடுத்து நிறத்தை மாத்துவாங்க. ஏற்கெனவே வரைஞ்ச சிங்கம், குரங்கு, பெட்டி எல்லாம் ஒரு கிடங்கு மாதிரி இருக்கும், அதுலேர்ந்து எடுத்து அங்கங்க வைப்பாங்க. புதிர் யோசிச்சுப் படம் வரையறது இல்லை. படத்தை வெச்சுட்டு நடுவுல புதிரைச் செருகுறது.

அந்தச் சிங்கத்தை மட்டும் எனக்கு அடையாளம் தெரிஞ்சது. "இது நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துச் சிங்கம் மாதிரி இருக்கேடா"ன்னேன். சிரிச்சான். சின்ன வயசுல அவனை நான்தான் சைக்கிள்ல கூட்டிக்கிட்டுப் போனேன். ராசேந்திர சோழன் கோயில் வளாகத்துல ஒரு பெரிய கிணறு இருக்கு. அதுக்குப் பக்கத்துல பிரமாண்டமா ஒரு சிங்கம் உட்கார்ந்திருக்கும். அந்தச் சிங்கத்தோட உடம்பு வழியாத்தான் கிணத்துக்குள்ள இறங்குற படி. பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்க அவசியம் போய்ப் பாருங்க. மேலேர்ந்து எட்டிப் பார்த்தா தண்ணி தெரியும், எப்படி இறங்குறதுன்னு தெரியாது. வழி சிங்கத்துக்குள்ள. கங்கைத் தண்ணியை இதுல ஊத்தினதாச் சொல்லுவாங்க. அங்கே நின்னு அவன் "அட!"ன்னு கத்தினது எனக்கு இன்னும் காதுல இருக்கு. அந்த "அட"வைத்தான் அவன் போன்ல வரைஞ்சிருக்கான். ஆனா போன்ல அந்தச் சிங்கத்து வாயில வெறும் சாவி.

"விடை தெரியாம சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?"ன்னு கேட்டேன். "ஹின்ட்னு ஒரு பட்டன் இருக்கு மாமா. அதை அமுக்கினா ஒரு விளம்பரம் ஓடும். முழுசாப் பார்த்தா ஒரு குறிப்பு காட்டும்" என்றான். கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான்: "ஒருத்தன் மாட்டிக்கிட்டு நிக்கிற நேரம்தான் மாமா காசு."

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. எங்க அப்பாயி குறிப்பைச் சும்மா குடுத்துச்சு, ஏன்னா நாங்க விடுவிக்கணும்னு அதுக்கு ஆசை. இங்கே நாம விடுவிச்சுட்டா அவங்களுக்கு நட்டம். புதிர் அபத்தமாப் போறதுக்குப் போட்டவனோட முட்டாள்தனம் காரணமில்லை. பஞ்சாரத்துக்குச் சாவி வெச்சவனுக்கும் தெரியும், பஞ்சாரத்துக்குச் சாவி கிடையாதுன்னு.

இது விளையாட்டோட நிக்கலை. ஒரு தடவை ஒரு உதவித்தொகைக்கு எழுதிப்போடப் போனேன். பட்டாவுல பேரு திருத்தினாத்தான் அடங்கல்னாங்க. பேரு திருத்த ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்னாங்க. ஆதார்ல திருத்த வேற ஒரு சான்று. அந்தச் சான்றுக்கு, சரியான பேருல ஒரு பட்டா நகல். மூணாவது நாள் வரிசையில நின்னப்ப மருமகனோட குரங்கும் மாம்பழமும்தான் ஞாபகம் வந்து சிரிப்பு வந்திருச்சு. அங்கே உட்கார்ந்திருந்த பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லை. அதுவும் யாரோ போட்ட புதிருக்குள்ளதான் உட்கார்ந்திருந்தது. போட்டவங்க யாருன்னு அதுக்கும் தெரியாது. எதிர்ல ஆளு இல்லாத புதிர்ல "குறிப்பு சொல்லு"ன்னு யாரைக் கேக்கிறது?

2020 டிசம்பர் 31-ஓட ஃபிளாஷ் மென்பொருளை நிறுத்திட்டாங்க. அதுல பண்ணின விளையாட்டெல்லாம் பிரவுசர்ல ஓடறது நின்னுபோச்சு. உலகம் பூரா சில ஆர்வலருங்க அதையெல்லாம் சேகரிச்சுப் பாதுகாக்கிறாங்கன்னாலும், மருமகன் மொத ரெண்டு வருசம் வரைஞ்சது அவன் போன்ல ஓடலை. அந்த வருசம் கொரோனாவுல கம்பெனி பாதி ஆளை வீட்டுக்கு அனுப்பிச்சுது. அவனும் ஊருக்கு வந்துட்டான். 2021 மாசி, பங்குனியில எங்ககூட முந்திரிக்கொட்டை பொறுக்கினான். ஆறு வருசம் மவுசைப் பிடிச்ச கை, மொத வாரத்துலயே எண்ணெய் பட்டுக் கருத்துப்போச்சு.

அப்பத்தான் அவன் ஒரு யோசனை சொன்னான். அப்பாயி போட்ட விடுகதையை எல்லாம் வெச்சு ஒரு கேம். அவனுக்கு அது பூட்டிதான், மடியில படுத்துக் கேட்டிருக்கான். முதல் புதிரே முந்திரி. எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ளே, இதுக்கு மட்டும் வெளியே. நம்ம பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விடுகதை. இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. முந்திரி நம்ம மரமே இல்லை, பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியருதான் இந்தியாவுக்குக் கொண்டாந்தாங்க. ஆக இந்த விடுகதைக்கு அதிகம் போனா நானூத்திச் சொச்சம் வயசுதான் இருக்கும். தொல்காப்பியரு முந்திரியைப் பார்த்திருக்க மாட்டாரு. புதுசா ஒரு மரம் வந்ததும் எவளோ ஒரு பாட்டி அதை உத்துப் பார்த்து, அதுக்கு ஒரு புதிர் கட்டிட்டா பாருங்க.

மருமகன் ராப்பகலா வரைஞ்சு, பழைய கம்பெனிக்கே அனுப்பிப் பார்த்தான். படம் பிரமாதம்னாங்களாம். ஆனா ஆடுறவங்க பாதிப் பேரு வெளிநாட்டுக்காரங்க, அவங்களுக்கு முந்திரிப் பழம் எப்படி இருக்கும்னே தெரியாது, விடை அபத்தமாப் படும், வேண்டாம்னுட்டாங்க. குரங்கு ஸ்பேனரைப் பார்த்து நான் சிரிச்சேன்ல? இப்ப எங்க வீட்டு விடுகதை குரங்கு ஸ்பேனர் ஆயிடுச்சு. கம்பெனி சொன்னதுல தப்பு இல்லைன்றதுதான் எனக்கு வலிச்சது.

அது வெளிநாட்டுக்காரங்களோட மட்டும் இல்லைன்னு அடுத்த கோடையில தெரிஞ்சது. சென்னையிலேர்ந்து தம்பி பிள்ளைங்க வந்தாங்க. ராத்திரி கரண்டு போனப்ப இதே முந்திரி விடுகதையைப் போட்டேன். யோசிச்சுப் பார்த்துட்டுப் பெரியவ, "பெரியப்பா, அப்படி ஒரு பழமே இருக்க முடியாது. கொட்டை வெளிய இருந்தா அது எப்படி பழம்?"னா. ரொம்ப நியாயமான கேள்வி. அவ முந்திரியைப் பாக்கெட்டுல வெள்ளையாத்தான் பார்த்திருக்கா. விடையைச் சொன்னேன். "அட" வரலை. "ஓ"ன்னா. எந்த ஊரை எழுதிக் குடுப்பன்னதுக்கு, "நீங்களே ஆண்டிமடத்தை வெச்சுக்குங்க"ன்னா.

மறுநாள் விடிஞ்சதும் தோப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஒண்ணும் சொல்லலை. தாழ்ந்த கிளையில மஞ்சளும் செவப்புமாப் பழம் தொங்குது, ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு கொட்டை துருத்திக்கிட்டு. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் வந்தது பாருங்க அந்த "அட!" அன்னைக்குப் பூரா தம்பிகாரனுக்கு அதே விடுகதையை அவதான் போட்டா, குறிப்பும் அவளே குடுத்தா.

பூட்டுற இடத்துலயே சாவியும் இருக்கணும்ன்றதுதான் நான் இத்தனை நாள் படிச்சதுல கண்ட ஒரே சட்டம். அப்பாயி அதை மீறினதே இல்லை. ஆனா அதோட அறை எங்க ஊரு முழுக்க. உரலு, உலக்கை, ஏத்தம், செக்கு, முந்திரி மரம் எல்லாம் அந்த அறைக்குள்ள கிடந்தது. ஒவ்வொண்ணா வெளியே தூக்கிப் போட்டுட்டு, விடுகதை புரியலைன்னு பிள்ளைங்களைக் குத்தம் சொன்னா அது நாம பண்ற அபத்தம். மருமகன் இப்ப மறுபடி கோயம்புத்தூர்லதான் இருக்கான், வேற கம்பெனி. நேத்து போன்ல, "இன்னைக்கு மாடு தப்பிக்குது மாமா" என்றான். "கவுத்தை அவுத்துவிட்டா போவுது"ன்னேன். சிரிச்சான்.

போன வாரம் நானே ஒரு விடுகதை கட்டினேன். எங்க பக்கத்து விவசாயி எவனைக் கேட்டாலும் உடனே சொல்லிடுவான். நீங்க சொல்றீங்களான்னு பார்ப்போம்.

எங்க தாத்தா கூப்பிட்டா எட்டிப் பார்த்தான். எங்க அப்பா கூப்பிட்டா ஏணி வெச்சு வந்தான். நான் கூப்பிட்டா நகையை அடகு வெச்சாலும் வர மாட்டேங்குறான். யாரு அவன்?

குறிப்பு வேணும்னா சும்மாவே தர்றேன்: அவன் உங்க காலுக்குக் கீழதான் இருக்கான். அதுக்கும் தெரியலைன்னா ஒரு ஊரை எழுதிக் குடுங்க.